மருந்தைப் பற்றி மட்டும் கேட்போம்

மகளுக்கும் மகனுக்கும்,

ரியூசன் வகுப்பில் ஒரு பிள்ளை உங்களைப் பார்த்து, "உங்கட வாப்பா தமிழ் ஆக்களுக்கு வக்காலத்து வாங்கினவராமே" என்று கேட்டதாக உம்மா சொன்னார். மகன் அந்தப் பிள்ளையின் சட்டையைப் பிடித்ததாகவும் சொன்னார். சட்டையைப் பிடிக்க வேண்டாம் மகன். நடந்தது என்னவென்று தெரிந்துகொண்டு, விருப்பமென்றால் பதில் சொல்லுங்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரு பாமசியில் நின்று வேலை பழகி, பரீட்சை எழுதி, லைசன்ஸ் எடுத்தவன். எழுத்தில் பிழை இருந்தால் மகள் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

நம் தொழிலுக்குக் கொழும்பில் ஒரு சபை இருப்பது உங்களுக்குத் தெரியும். பாமசி வைத்திருப்பவர்களுக்கு லைசன்ஸ் கொடுப்பதும், பிழை செய்தால் அதை எடுப்பதும் அந்தச் சபைதான். அதற்குக் கீழே நம் மாவட்டத்துக்கு மூன்று பேர் கொண்ட ஒரு குழு. ஒரு முறைப்பாடு வந்தால் மூன்று பேரும் இருந்து விசாரித்துக் கொழும்புக்கு எழுத வேண்டும். நாங்கள் எழுதுவதைத்தான் பெரும்பாலும் அவர்கள் செய்வார்கள். தலைவர் அம்பாறை டவுனைச் சேர்ந்த சிங்களப் பெரியவர், இளைப்பாறிய மருந்தாளர். மற்றவர் சம்மாந்துறைத் தங்கச்சி ஒருவர், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர். மூன்றாவது ஆள் நான். பாமசிக்காரர்கள் கையை உயர்த்தித் தெரிவு செய்த ஆள். அந்தக் கூட்டத்தில் எனக்குக் கையை உயர்த்தியவர்களில் முறைப்பாட்டுக்கு ஆளானவரும் ஒருவர்.

அவர் கல்முனைப் பிரதான வீதியில் வடக்குப் பக்கம் பாமசி வைத்திருக்கும் தமிழர், மெதடிஸ்த கிறிஸ்தவர். என்னைவிட மூத்தவர் என்பதால் நான் அண்ணன் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். எங்கள் இருவருக்கும் பெரிய சிநேகம் என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நாங்கள் எல்லோரும் கடையைச் சாத்தும்போது அவர் கடை திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கோயிலுக்குப் போகும்போது என் கடை திறந்திருக்கும். ஊரில் யாரும் மருந்தில்லாமல் நிற்காதபடி அந்த ஒழுங்கு பல காலமாக நடந்து வருகிறது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த உறவு.

காணி, பதிவு எல்லாம் பார்க்கும் பிரதேச செயலகத்தைத் தமிழருக்கு வேறு, முஸ்லிம்களுக்கு வேறு என்று பிரிப்பதா, ஒன்றாகவே வைப்பதா என்ற பிரச்சினை இங்கே எப்போதும் புகைந்துகொண்டே இருப்பது. தேர்தல் கிட்ட வந்தால் நெருப்பாகும். அப்படி ஒரு நேரத்தில் அண்ணன் முகநூலில் ஒரு பதிவு போட்டார். பிரிப்பது தங்கள் உரிமை என்று எழுதினார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. முஸ்லிம்கள் தமிழரின் காணிகளை ஆளவேண்டும் என்பதற்காகத்தான் செயலகத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் எழுதினார். அதை வாசித்தபோது எனக்கு முகம் சுட்டது. நம் ஆட்கள் காணி இழந்த கதை அவருக்குத் தெரியாததல்ல. அந்தப் பதிவு பிழை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். இதை நீங்கள் முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ நேரம் கல்முனைக்குடியிலிருந்து ஒரு பெண், தன் மாமியாருக்கு நித்திரைக் குளிசை வாங்க வந்திருக்கிறார். கையில் டொக்டரின் துண்டு இல்லை, தீர்ந்துபோன குளிசையின் வெற்று அட்டைதான் இருந்தது. என் கடை சாத்தியிருந்ததால் அண்ணன் கடைக்குப் போயிருக்கிறார். துண்டு இல்லாமல் அந்தக் குளிசையைத் தர முடியாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். வேறொரு வெள்ளிக்கிழமை என்றால் அந்தப் பெண் முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் முதல் நாள் இரவு முழுக்க அந்தப் பதிவு கைக்குக் கை போய்க்கொண்டிருந்தது. ஜும்ஆ முடிந்து சனம் வெளியே வரும்போது, "முஸ்லிம்களுக்கு மருந்து தரமாட்டாராம்" என்று கதை வந்துவிட்டது.

அஸர் தொழுகைக்கு முன்பே முறைப்பாடு எழுதியாகிவிட்டது. அதை எழுதி, கையெழுத்துச் சேர்த்தவர் உங்கள் மாமா, உம்மாவோடு கூடப் பிறந்த காக்கா.

இதை நான் மறைத்து எழுத முடியாது. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கல்யாணம் முடித்தால் ஆம்பிளைதான் பெண் வீட்டுக்குப் போவது. நாம் இருக்கும் வீடு உங்கள் உம்மாவுக்குச் சீதனமாக எழுதியது. அதைக் கட்டும்போது கல்லும் மண்ணும் சுமந்தவர் உங்கள் மாமா. பள்ளிவாசல் நிர்வாகத்தில் உங்கள் உம்மாவின் குடிவழிக்காகப் பேசும் மரைக்காயரும் அவர்தான். பக்கத்து வளவில் இருக்கிறார். என் மோட்டார் சைக்கிள் வரும் சத்தத்தை வைத்தே நான் என்ன மனநிலையில் வருகிறேன் என்று சொல்லக்கூடியவர்.

அன்று அவர் வேலியடியில் நின்று, முறைப்பாடு குழுவுக்கு வரும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். விசாரிப்போம் என்றேன். விசாரிக்க என்ன இருக்கிறது, ஆள் எழுதியதை ஊரே வாசித்தது என்றார். மருந்து கொடுக்காததைப் பற்றித்தான் விசாரிக்கலாம், எழுதியதைப் பற்றி விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"மச்சான், அந்த ஆள்ட லைசன்ஸ் போகணும். நம்மட சனத்தப் பத்தி இப்பிடி எழுதிட்டு, நம்மட சனத்துக்கே மருந்து வித்துச் சாப்பிடேலா."

"கொரோனாவில நம்மட ஜனாஸாக்கள அரசாங்கம் எரிச்ச காலத்துல, எதிர்ப்புக்கு நான் கடைக் கம்பியில வெள்ளத் துணி கட்டினனே, மச்சான். முகநூல்லயும் எழுதினன். அதுக்கு எண்ட லைசன்ஸ எடுத்திருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

"அது வேற, இது வேற."

"நமக்கு வேற. சட்டம் வச்சிருக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்டுதான்."

அவர் வேலியை விட்டுத் திரும்பி நடந்தார். நான் வென்றுவிட்டேன் என்று எண்ணாதீர்கள். அவர் கோபம் கூடியது, குறையவில்லை.

விசாரணை வரும்வரை என் கடைக்கு வந்து புத்தி சொன்னவர்கள் பலர். ஒருவர் தலைவலிக்குப் பனடோல் ஒரு கார்ட் வாங்கிக்கொண்டு அரை மணித்தியாலம் நின்று சமுதாயத்தைப் பற்றிப் பேசினார். எனக்குத்தான் தலை இடித்தது. சொறிக்கல்முனையிலிருந்து வழக்கமாக வரும் ஒரு தமிழ்ப் பெரியவர் எதுவும் சொல்லாமல் மருந்தை வாங்கிக்கொண்டு, போகும்போது மட்டும், "உங்கட கையிலதான் இரிக்கு எண்டு கதைக்கிறாங்க, தம்பி" என்றார். இரண்டு பக்கமும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

உங்கள் உம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் அவருக்கு முன்னால் போய் நின்றேன். தன் உடன்பிறப்புக்கும் புருசனுக்கும் நடுவில் அவர்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அந்த மனிசன் மருந்துல பிழை செஞ்சிரிக்காரா?"

"இன்னும் விசாரிக்கல்ல."

"அப்ப அத விசாரிங்க. காக்காவ நான் பாத்துக்கொள்றன்."

அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கியது.

விசாரணை ஒரு சனிக்கிழமை, பிரதான வீதிக் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் நடந்தது. தொடங்கும்போதே நான் எழுந்து, முறைப்பாட்டை எழுதியவர் என் மனைவியின் சகோதரன், நான் இருப்பது சரியில்லை என்றால் எழுந்து போகிறேன் என்றேன். தலைவர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "கல்முனையில எல்லாரும் எல்லாருக்கும் மச்சான். சொந்தக்காரன் எல்லாம் போனா நான் தனியத்தான் இருக்கணும். நீங்க இருங்க." அண்ணனிடமும் கேட்டார். அவருக்கு ஆட்சேபனை இல்லை என்றார். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டோம். பயந்திருந்தார். சம்மாந்துறைத் தங்கச்சி கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, அன்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள் என்றார். பெண் ஒழுங்காகச் சொன்னார். அண்ணன் ஏசவில்லையாம். இருக்கச் சொன்னாராம். இது துண்டில்லாமல் கொடுக்கக் கூடாத குளிசை, டொக்டரிடம் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு வாருங்கள், நான் கடையைச் சாத்த மாட்டேன் என்றாராம். மாமியாருக்கு மூன்று நாளாக நித்திரை இல்லாததால் தனக்குத்தான் கோபம் வந்ததாம்.

அப்படியானால் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று தலைவர் கேட்டார்.

"பள்ளிவாசலால வந்து கேட்டாங்க. எல்லாரும் போட்டிருந்தாங்க, சேர். நான் மட்டும் எப்பிடிப் போடாம இரிக்கிற?"

பிறகு அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "காக்காட கடை திறந்திருந்தா முகத்தப் பாத்துத் தந்திருப்பார்தானே."

மேல்மாடி ஜன்னல் திறந்திருந்தது. கீழே உங்கள் மாமாவும் நாலைந்து பேரும் நின்றார்கள். தலைவர் என்னைப் பார்த்தார். அண்ணனும் அப்போதுதான் முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

"இல்ல தங்கச்சி," என்றேன். "துண்டு இல்லாம நானும் தந்திருக்க மாட்டன்."

பெண் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு மனவருத்தமாக இருந்தது. ஆனால் அதைத் தவிர வேறு எதைச் சொன்னாலும், ஒரே குளிசைக்கு இரண்டு சட்டம் உண்டு, ஊரானுக்கு ஒன்று, மற்றவனுக்கு ஒன்று என்று நானே என் வாயால் சொன்னதாகியிருக்கும். அந்தக் கதை அன்றைக்கே வெளியே போய், சில வாடிக்கைக்காரர்கள் எனக்குக் குறைந்துபோனார்கள். போனவர்கள் போனதுதான்.

மருந்து விடயம் அதோடு முடிந்தது. அண்ணன் செய்தது சரி என்று மூவரும் ஒத்துக்கொண்டோம். மிஞ்சியது அந்தப் பதிவு. வெளியாட்களை அனுப்பிவிட்டு மூவரும் மட்டும் இருந்தோம்.

தலைவர் நல்ல மனிதர். இதை நான் மனதாரச் சொல்கிறேன். அவருக்கு ஊர் அமைதியாக இருக்க வேண்டும். லைசன்ஸை எடுக்க வேண்டாம், ஆனால் ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுப்போம் என்றார். தொழிலுக்குப் பொருத்தமில்லாத விதத்தில் எழுதியதாக ஒரு வரி. அதைக் காட்டினால் முறைப்பாட்டுக்காரர்களும் அடங்குவார்கள், அவருக்கும் கடை மிஞ்சும். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. எனக்கும் அது பெரிய வசதி. உங்கள் மாமாவுக்கு முன்னால் தலை நிமிர்ந்து போயிருக்கலாம்.

ஆனால் நான் அந்த இடத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு இங்கிலீஷ் வராது, சட்டம் படித்ததில்லை. தெரிந்த மாதிரி சொன்னேன். முஸ்லிம்களுக்கு நான் மருந்து தரமாட்டேன் என்று அவர் எழுதியிருந்தால் அது எங்கள் விடயம். அப்போது லைசன்ஸை எடுக்க முதலில் கையெழுத்துப் போடுகிறவன் நான். ஒரு நோயாளியின் நோய் விவரத்தை முகநூலில் போட்டிருந்தால் அதுவும் எங்கள் விடயம். செயலகம் யாருக்கு என்பதைப் பற்றி அவர் எழுதியதற்கும் அவர் எண்ணிக் கொடுக்கும் குளிசைக்கும் என்ன சம்பந்தம்? இன்றைக்கு நாம் ஒரு வரி எழுதினால், அந்த வரி கோப்பில் கிடக்கும். நாளைக்கு ஆட்சி மாறும், இந்தக் கதிரைகளில் வேறு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களுக்குப் பிடிக்காததை எழுதிய ஆளுக்கு அதே வரியைப் பார்த்து எழுதுவார்கள். அந்த ஆள் யாரென்று இன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

"அவர் எழுதினது சரியெண்டு நினைக்கிறீங்களா?" என்று தலைவர் கேட்டார்.

"பிழை, சேர். எனக்கு நல்லாச் சுட்டது."

"அப்ப ஏன் இவ்வளவு கதைக்கிறீங்க?"

"எனக்குச் சுட்டது குழுவுக்குச் சுட்டதாகாது, சேர். குழு மருந்தப் பத்தி மட்டும் கேட்கட்டும்."

தலைவர் பேனையை மேசையில் வைத்துவிட்டார். சம்மாந்துறைத் தங்கச்சி அப்போதுதான் பேச்சில் சேர்ந்தார். தானும் ஆஸ்பத்திரிக் குறைபாடுகளைப் பற்றி முகநூலில் எழுதுகிறவர் என்றும், அந்த எச்சரிக்கை வரியைக் கேட்டவுடன் தான் எழுதியதையெல்லாம் மனதுக்குள் புரட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டதாகவும் சொன்னார். எழுதியதை எல்லாம் அழிக்கலாமா என்று யோசித்தாராம். "ஒரு வரிக்கே எனக்கு இப்பிடி எண்டா மத்தவங்களுக்கு எப்பிடியிருக்கும், சேர்?" என்றார்.

கடைசியில் நாங்கள் எழுதியது இரண்டே விடயம். குளிசையை மறுத்தது சரியான செயல். முகநூல் பதிவு இந்தக் குழுவின் அதிகாரத்துக்குள் வராது, அதைப் பற்றிக் குழுவுக்குக் கருத்து இல்லை. தலைவர் கையெழுத்துப் போடும்போது, ஊரில் ஏதும் நடந்தால் உங்கள் தலையில்தான் என்றார். சரி சேர் என்றேன்.

படியால் இறங்கியபோது உங்கள் மாமா முன்னுக்கு வந்தார். அவரோடு நின்றவர்களில் ஒருவர் கட்சிக்காரர். முடிவைச் சொன்னேன். மாமா கட்சிக்காரரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு எல்லோரும் கேட்கச் சொன்னார்:

"எங்கட தங்கச்சிட ஊட்டுல இருந்துகொண்டு எங்கட சனத்துக்கு எதிராக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க, மச்சான்."

நம் ஊரில் ஓர் ஆம்பிளைக்கு இதைவிடக் கடும் சொல் கிடையாது. பக்கத்துக் கடைக்காரர் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார்.

"ஊடு உங்கட தங்கச்சிட," என்றேன். "கையெழுத்து எண்ட."

கட்சிக்காரர் நடுவில் புகுந்து சமாதானம் பேசினார். சரி, லைசன்ஸை விடுவோம், ஆனால் செயலகத்தைப் பிரிக்கக் கூடாது என்று குழுவின் பெயரில் ஓர் அறிக்கை விட்டால் சனத்தின் மனம் ஆறும், எம்பியும் மேடையில் வாசிப்பார் என்றார். பிரிக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணமும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் முடியாது என்றேன். என் பெயரில் கேளுங்கள், எழுதித் தருகிறேன், குழுவின் பெயரில் ஒரு சொல்லும் வராது என்றேன். உங்கள் பெயரை யாருக்குத் தெரியும் என்று சிரித்தார். உண்மைதான்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த கிழமை அண்ணன் கடைக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தது என் பிழை. முறைப்பாடு இனத்துவேசத்தால் எழுதப்பட்டது என்று குழு பகிரங்கமாகச் சொல்ல வேண்டும் என்றார். தன் கடைக்கு முஸ்லிம் சனம் வருவது பாதியாகக் குறைந்துவிட்டதாம். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்களாம்.

எனக்கு அவர்மீது பரிதாபம் வந்தது. அவருடைய நெற்றியில் வியர்வை இருந்தது. ஆனாலும் அவருக்கும் அதே பதிலைத்தான் சொன்னேன். முறைப்பாடு எந்த மனதோடு எழுதப்பட்டது என்று குழு சொல்லாது. மருந்தைப் பற்றி விசாரித்தோம், அதைச் சொல்லிவிட்டோம்.

"நான் என்ன சாமானா தம்பி, தராசில வச்சுப் பாக்க? ஒரு சொல்லுச் சொன்னா உங்களுக்கு என்ன குறைஞ்சிடும்?"

"குழு ஒரு சொல்லுச் சொன்னா, மறுகா மச்சானுக்கும் ஒரு சொல்லுச் சொல்ல வேண்டி வரும், அண்ணன். பிறகு அடுத்த முறை உங்கட லைசன்ஸ யார் காப்பாத்துற?"

"அப்ப நீங்க எனக்காகச் செய்யல்ல."

"இல்ல."

அவர் வாசலிலிருந்து இறங்கப் போனார். பிறகு, "நான் எழுதினதப் பத்தி உங்களுக்கு ஒண்டும் சொல்ல இல்லையா?" என்றார். இருக்கிறது, ஆனால் அதைக் குழுக்காரனாக அல்ல, வேறு ஆளாக வந்து சொல்வேன் என்றேன். அவருக்கு விளங்கியதோ தெரியாது. போய்விட்டார்.

அண்ணன் கடை இன்றைக்கும் திறந்திருக்கிறது. சனம் மெல்ல மெல்லத் திரும்பிப் போகிறது, எல்லோரும் இல்லை. உங்கள் மாமா பெருநாளைக்கு நம் வீட்டுக்கு வந்தார், உம்மாவோடு பேசினார், என்னோடு ஸலாத்தோடு நிறுத்திக்கொண்டார். அது என்றைக்கு மாறுமென்று எனக்குத் தெரியாது. நீங்கள் அவருக்குக் கொடுக்கிற மரியாதையில் ஒரு துளியும் குறைக்கக் கூடாது. அவரும் தன் சனத்துக்காகத்தான் நின்றார். ஆனால் அந்த எச்சரிக்கைக் கடிதத்தை மறுபடி ஒருவர் என் முன்னால் வைத்தால், மறுபடியும் அதில் கையெழுத்துப் போட மாட்டேன். இதையும் அந்த ரியூசன் பிள்ளைக்குச் சொல்லலாம்.

அண்ணன் வந்து போன மறுநாள், சுபஹு தொழுதுவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். கதவைப் பாதி தூக்கி உள்ளே போய், ஸ்டூலில் அமர்ந்து போனை எடுத்தேன். முகநூலில் என் பெயருக்குக் கீழே 'மாவட்டக் குழு உறுப்பினர்' என்று மகள் போட்டுத் தந்திருந்தீர்கள். அதை எப்படி எடுப்பது என்று தெரியாமல் அங்குமிங்கும் அமத்தி, ஒருவாறு எடுத்தேன். பெயர் மட்டும் மிஞ்சியது. பிறகு அண்ணனின் அந்தப் பழைய பதிவைத் தேடிப் பிடித்து, அதற்குக் கீழே ஒரு விரலால் எழுதினேன்: "அண்ணன், காணியைப் பற்றி நீங்கள் எழுதியது பிழை. எங்கள் பக்கமும் காணி இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஏன் பிழை என்று சொல்கிறேன், வாசியுங்கள்." நான் அறிந்ததை வரிசையாக எழுதி முடித்து, இரண்டு தரம் வாசித்து, அனுப்பினேன்.